மூளையின் மின்னலைகளும் ஒழுங்கின்மைக் கோட்பாடும்

ஒளியொன்று கண்ணிற் படும்போது மூளையில் எழும் மின் துலங்கல் சில மைக்ரோவோல்ற்று அளவினதே. 1929இல் ஜேர்மனியரான ஹான்ஸ் பேர்கர் வெளியிட்ட மனித மூளையின் மின்னலைகளோ, தூண்டல் எதுவுமற்றபோதும் அதனிலும் பன்மடங்கு வீச்சுடன் ஓயாது அசைபவை. எனவே, ஒரே தூண்டலைப் பலமுறை அளித்துப் பதிவுகளின் சராசரியைப் பெறுவது வழக்கமாயிற்று. சராசரியில் மறையும் பின்னணி அலைகள் ‘இரைச்சல்’ என ஒதுக்கப்பட்டன. அவை இரைச்சல்தானா என்பதே நாம் இங்கு நோக்கும் வினாவாகும்.

1963இல் வளிமண்டல ஆய்வாளர் எட்வேட் லோரன்ஸ், மூன்று சமன்பாடுகள் மட்டுமே கொண்ட ஒரு தொகுதியும் எதிர்வுகூற முடியாதவாறு இயங்கும் எனக் காட்டினார். தொடக்கநிலையின் அற்ப வேறுபாடு விரைந்து பெருகுவதே அதற்குக் காரணம். எழுமாற்றாகத் தோன்றுவது திட்டமான விதிகளிலிருந்தும் பிறக்கலாம் என்பதே ஒழுங்கின்மைக் கோட்பாட்டின் சாரம்.

இதனை மூளைக்குப் பிரயோகித்தோருள் கலிபோர்னியாவின் பேர்க்லிப் பல்கலைக்கழகத்து வோல்ற்றர் பிறீமன் முதன்மையானவர். முயலின் மணநுகர்ச்சிக் குமிழில் 64 மின்வாய்களைப் பொருத்தி அவர் ஆராய்ந்தார். முயல் மூச்சை உள்ளிழுக்கையில் குமிழ் முழுவதும் அலைவு பரவியது. மணத்தின் அடையாளம் தனியொரு புள்ளியில் அன்றி, குமிழெங்கும் அமைந்த வீச்சுக் கோலத்திலேயே காணப்பட்டது. புதிய மணமொன்றை முயல் கற்றதும் பழைய மணங்களுக்குரிய கோலங்களும் மாறின. ஒழுங்கற்ற பின்னணி இயக்கமே புதிய கோலங்களுக்கு விரைந்து மாற வழிசெய்கிறது என 1987இல் அவரும் கிறிஸ்ரின் ஸ்காடாவும் வாதிட்டனர்.

எனினும், அவதானம் வேண்டும். ஒழுங்கின்மையை அளக்க 1983இல் கிறாஸ்பேகரும் புறொக்காச்சியாவும் தந்த முறைக்கு நீண்ட, மாறாத்தன்மையுடைய பதிவு தேவை. தூண்டலுக்கான துலங்கலோ ஒரு செக்கனுக்குள் பெரும்பாலும் அடங்கிவிடும். மேலும், சிலவகை எழுமாற்று இரைச்சலும் அம்முறையில் ஒழுங்கின்மைபோலவே தோற்றும் என 1989இல் நிறுவப்பட்டது. இதனால், அலைநிறமாலையை மாற்றாது ஏனைய ஒழுங்கைக் குலைத்த போலித் தரவுகளுடன் உண்மைப் பதிவை ஒப்பிடும் சோதனை 1992இல் முன்வைக்கப்பட்டது. ஆரம்பகால முடிவுகள் பல அதில் நிலைக்கவில்லை.

ஆகவே, மூளையின் அலைகள் கண்டிப்பான கணிதப் பொருளில் ஒழுங்கின்மையானவை என நாம் துணிந்து கூறுவதற்கில்லை. ஆனால், கோலங்கள் கற்றலால் மாறின என்ற அவதானிப்பு அக்கணிப்பில் தங்கியதன்று. மூளை புறவுலகை அப்படியே காட்டும் கண்ணாடியன்று. தூண்டல் ஒவ்வொன்றையும் அது தன் கடந்தகால அனுபவத்துடனேயே எதிர்கொள்கிறது. சராசரி எடுக்கையில் நாம் இழப்பது அவ்வனுபவத்தின் சுவடாகவும் இருக்கலாம்.