கடாரம் கண்டு தாம்பரம் சேர்ந்தோம்

சிங்கப்பூரில் ஒன்பது வருஷம் உத்தியோகம் பார்த்துவிட்டு, தாம்பரத்தை அடுத்த சேலையூரில் உள்ள சொந்த வீட்டுக்கே திரும்பிவிடுவதென்று நாங்கள் தீர்மானித்தவுடன் குடும்பத்தில் ஒரு சிறு கலகம் மூண்டது. அதற்குக் காரணம் பினாங்கு. "அடுத்த விடுமுறையில் பார்க்கலாம்" என்று ஒன்பது வருஷமாகத் தள்ளிப் போட்ட ஊர் அது. "இப்போது போகாவிட்டால் இனி எப்போது?" என்று குழந்தைகள் இருவரும் பிடிவாதம் பிடித்தார்கள்.

அவர்கள் கேட்டது நியாயமே. ஆனால் மூன்று வருஷத்துக்கு முன் தகப்பனார் காலமானபோது, நாங்கள் வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. தாயார் தனியே காத்திருக்கையில் நமக்கு ஐந்து நாள் உல்லாசப் பிரயாணமா என்று மனம் உறுத்தியது. டெலிபோனில் தயங்கித் தயங்கி விஷயத்தைச் சொன்னோம். "நன்றாய்ப் பார்த்துவிட்டே வாருங்கள். இங்கே வந்த பிறகு உங்களை நான் எங்கேயும் விடப்போவதில்லை!" என்றார் அம்மா. கலகம் அடங்கிற்று.

தாயகம் திரும்புவோர் மேற்கொள்ளும் பிரயாணத்துக்குச் சில ஏற்பாடுகள் அவசியம். வீட்டுச் சாமான்களை முன்னதாகவே கப்பலில் அனுப்பினோம். பள்ளிச் சான்றிதழ்களையும் வைத்தியக் குறிப்புகளையும் கைப்பெட்டியிலேயே வைத்துக்கொண்டோம். உத்தியோகத்தோடு கம்பெனியின் வைத்திய இன்ஷூரன்ஸும் முடிந்துவிடுமாதலால், வழிக்கென்று தனியே ஒன்று எடுத்தோம். 2023 டிசம்பர் முதல் தேதியிலிருந்து மலேசியா, இந்தியர்களை முப்பது நாள் வரை விஸா இல்லாமலே வரவேற்கத் தொடங்கியது எங்களுக்கு அனுகூலமாயிற்று. சிங்கப்பூருக்கு மீளாமல், கோலாலம்பூர் வழியாகச் சென்னைக்கே டிக்கெட் வாங்கினோம்.

பினாங்கு, 1786-இல் ஆங்கிலேயர் கைக்கொண்ட தீவு. அதன் தலைநகரான ஜார்ஜ் டவுனில் சூலியா தெரு என்று ஒரு வீதி உண்டு. கடல் கடந்து வாணிபம் செய்யச் சென்ற தமிழ் முஸ்லிம்களின் நினைவை அந்தப் பெயர் தாங்கி நிற்கிறது. சற்றுத் தூரத்தில், 1833-இல் எழுந்த மாரியம்மன் கோயில். கோபுரத்தை அண்ணாந்து பார்த்த எங்கள் பையன், "அம்மன் நமக்கு முன்பே வந்துவிட்டாளே!" என்றான்.

மூன்றாம் நாள் பாலத்தைக் கடந்து, அக்கரையிலுள்ள கெடா மாகாணத்துக்குப் போனோம். கெடாதான் நம் கல்வெட்டுகளில் வரும் கடாரம். அக்காலக் கப்பலோட்டிகளுக்கு அடையாளமாய் விளங்கிய ஜெராய் மலை, சுமார் 1,217 மீட்டர் உயர்ந்து நிற்கிறது. அதன் அடிவாரத்தில், மெர்போக் என்னும் ஊரை அடுத்து, பூஜாங் பள்ளத்தாக்கின் பழைய ஆலயங்களின் கல் அடித்தளங்கள் கிடக்கின்றன. முதலாம் ராஜேந்திர சோழனின் கப்பற்படை 1025-ஆம் வருஷத்தை ஒட்டி இந்நாட்டை வென்றது. அதற்கு முன்போ இரு நாடுகளும் நட்புப் பூண்டிருந்தன. கடாரத்து அரசன் நாகப்பட்டினத்தில் எடுப்பித்த புத்த விஹாரத்துக்கு ராஜராஜ சோழன் ஆனைமங்கலம் என்னும் கிராமத்தையே அளித்தான்.

"வென்ற பிறகு சோழர்கள் ஏன் இங்கேயே இருந்துவிடவில்லை?" என்று பையன் கேட்டான். நாங்கள் சரித்திரக் காரணங்களைத் தேடுவதற்குள் அவன் தமக்கை பதில் சொல்லிவிட்டாள்: "நம்மைப் போலத்தான். வீடு அங்கே இருந்ததே!"

மீனம்பாக்கத்தில் விமானம் இறங்கியது. கையில் சுமை குறைவாயிருந்ததால், எதிரேயுள்ள திரிசூலம் ஸ்டேஷனில் மின்சார ரயில் ஏறினோம். 1931 முதல் மின்சார வண்டி ஓடும் பாதை அது. பல்லாவரம், குரோம்பேட்டை தாண்டியதும் 'தாம்பரம் சானடோரியம்' என்ற பெயர்ப்பலகை வந்தது. "சானடோரியம் என்றால் என்ன?" என்றாள் பெண்.

டாக்டர் டேவிட் சௌரி முத்து என்ற தமிழரின் கதையைச் சொன்னோம். அவர் இங்கிலாந்தில் மெண்டிப் மலைப் பக்கத்தில் க்ஷயரோகிகளுக்கு வைத்தியசாலை நடத்தியவர். கணித மேதை ராமானுஜன் அங்கே சிலகாலம் சிகிச்சை பெற்றார். அந்த டாக்டர் பிற்பாடு தாயகம் திரும்பி, 1928-இல் இங்கே ஒரு வைத்தியசாலையைத் தொடங்கினார். அது பின்னர் அரசாங்கத்தின் வசமாகி, இன்றும் நெஞ்சக நோயாளிகளுக்கு உதவுகிறது. அயல்நாட்டில் கற்றதைக் கொண்டுவந்து ஊருக்குக் கொடுத்தவரின் ஞாபகம், ஒரு ஸ்டேஷன் பெயரில் ஒளிந்திருக்கிறது. நாங்கள் ஒன்பது வருஷம் கழித்து என்ன கொண்டு வருகிறோம் என்ற கேள்வி அப்போது எங்களைச் சுட்டது.

வாசலில் நின்றிருந்த அம்மாவின் கையில் பினாங்கு ஜாதிக்காய்ப் பொட்டலத்தைக் கொடுத்தோம். அவர் அதைத் திண்ணையில் வைத்துவிட்டுக் குழந்தைகளை இழுத்து அணைத்துக்கொண்டார். "வாங்கினது இருக்கட்டும். பார்த்ததைச் சொல்லுங்கள்" என்றார்.

பையன் கடாரத்திலிருந்து ஆரம்பித்தான். அன்றிரவு வெகுநேரம் வரை அந்தக் கதை முடியவில்லை.