விளம்பரம் போச்சு, ஓவியம் வந்தது!

இணையத்தில் செய்தி படிக்க உட்கார்ந்தால், பக்கத்தில் பாதி இடத்தைச் சோப்பும் செருப்பும் பிடித்துக் கொள்கின்றன. அவற்றை விரட்டிவிட்டு அங்கே ஓவியம் மாட்டினால் என்ன?

அமெரிக்கக் கலைஞர் ஸ்டீவ் லாம்பர்ட் அதைச் செய்தே காட்டினார். 2008-ம் ஆண்டில் அவரும் தோழர்களும் 'ஆட்-ஆர்ட்' என்னும் சிறு நிரலை இலவசமாக வெளியிட்டார்கள். ஃபயர்பாக்ஸ் உலாவியில் அதைச் சேர்த்தாலே போதுமாக இருந்தது. விளம்பரம் வரவேண்டிய கட்டத்தில் இக்காலக் கலைஞர் ஒருவரின் படைப்பு வந்து நின்றது! இரண்டு வாரத்துக்கு ஒரு முறை கண்காட்சியும் மாறியது.

விளம்பரத்தைத் தடுக்கும் நிரல்கள் முன்பே உண்டு. அவை சுவரை வெறுமையாக விட்டன; இது படம் மாட்டியது. அருமையான யோசனைதான்.

ஆனால், செய்தி எழுதுகிறவருக்குச் சம்பளம்? அது சோப்புக்காரர் கொடுக்கும் பணத்திலிருந்து அல்லவா வருகிறது! ஓவியம் பார்க்கும் ரசிகரிடம் வசூலிக்க, அங்கே டிக்கெட் கிழிப்பவர் யாரும் இல்லை.