பால்வினை நோய்ப் பரிசோதனை: எத்தனை காலத்திற்கு ஒரு முறை?

ஊராட்சியின் கணக்கு ஆண்டுதோறும் தணிக்கை செய்யப்படுகிறது. தலைவர் மீது ஐயம் கொண்டு இதனைச் செய்வதில்லை. கண்ணுக்குத் தெரியாத பிழையை உரிய காலத்தில் கண்டு திருத்துவதற்கே செய்கிறோம். உடலுறவின் வழியாகப் பரவும் நோய்களுக்கான பரிசோதனையும் அத்தகையதே. ஆயினும் கணக்கைக் காட்டக் கூசாத நாம் இரத்தத்தைக் காட்டக் கூசுகிறோம். இதனால் விளையும் கேடு ஒருவரோடு நில்லாது, இல்லாளையும் கருவிலுள்ள குழந்தையையும் சென்று சேர்கிறது.

"உடம்பு நன்றாகத்தானே இருக்கிறது, பரிசோதனை எதற்கு?" என்று சிலர் வினவுவர். கிரந்தி எனப்படும் சிஃபிலிஸ் நோயை எடுத்துக்கொள்வோம். தொற்றிய சுமார் 3 வாரங்களில் வலியற்ற புண் ஒன்று தோன்றும். மருந்து இடாவிடினும் சில வாரங்களில் அது தானே ஆறிவிடும். புண் ஆறிற்றேயன்றி நோய் ஆறவில்லை. பல ஆண்டுகள் மறைந்திருந்து இருதயத்தையும் மூளையையும் அது தாக்கக்கூடும். கருவுற்ற தாய்க்கு இருப்பின் குழந்தை இறந்தே பிறக்கவும் கூடும். வெட்டை நோய் பெண்களிடம் பெரும்பாலும் அடையாளம் காட்டுவதில்லை. எச்.ஐ.வி. கிருமியும் பல்லாண்டுகள் ஒளிந்திருக்கும். 1986இல் சென்னையில் இந்தியாவிலேயே முதன்முதலாக அது கண்டறியப்பட்டதும், மருத்துவர் சுநீதி சாலமன் குழுவினர் மேற்கொண்ட இரத்தப் பரிசோதனையினாலேயே ஆகும்.

ஆகவே, பரிசோதனையின் கால அளவை நோய்க்குறி கொண்டன்று, வாழ்க்கை முறை கொண்டே முடிவு செய்தல் வேண்டும்.

வயது வந்த ஒவ்வொருவரும் எச்.ஐ.வி. பரிசோதனையை ஒரு முறையேனும் செய்துகொள்வது நன்று. இருவரும் பரிசோதித்து, நோயில்லை என அறிந்து, ஒருவருக்கொருவர் உண்மையாக வாழும் தம்பதியர் அடிக்கடி பரிசோதிக்க வேண்டுவதில்லை. புதிய உறவோ ஒன்றுக்கு மேற்பட்ட உறவோ உடையோர் ஆண்டுக்கு ஒரு முறையும், பலரோடு உறவுடையோரும் ஊசியைப் பகிர்ந்து போதை மருந்து ஏற்றுவோரும் 3 முதல் 6 மாதங்களுக்கு ஒரு முறையும் பரிசோதித்தல் வேண்டும். கருவுற்ற பெண்கள் ஒவ்வொரு பேறுகாலத்திலும், பதிவு செய்யும்போதே எச்.ஐ.வி., சிஃபிலிஸ், கல்லீரல் அழற்சி பி ஆகியவற்றுக்குப் பரிசோதித்துக்கொள்வது இன்றியமையாதது. புண்ணோ சீழோ காணப்பட்டாலும், துணைவருக்கு நோய் எனத் தெரிந்தாலும் உடனே செல்லுதல் வேண்டும்.

நாளும் அறிந்து செல்க. இன்று விதைத்தால் நாளையே முளை தெரியுமா? எச்.ஐ.வி.க்கான எதிர்ப்பொருள் இரத்தத்தில் தெரிய 3 மாதம் வரை ஆகலாம். ஆதலின் முதற் பரிசோதனையில் 'இல்லை' என வந்தாலும், 3 மாதம் கழித்து மீண்டும் பார்த்தாலன்றி உறுதி கொள்ளலாகாது. ஆபத்து நேர்ந்த 72 மணி நேரத்திற்குள் மருத்துவரை அணுகுவோருக்குத் தடுப்பு மருந்தும் உண்டு.

சிஃபிலிசும் வெட்டையும் மருந்தால் குணமாகும். துணைவரும் உடன் சிகிச்சை பெறாவிடில் மீண்டும் தொற்றும். எச்.ஐ.வி. முற்றும் நீங்காவிடினும், நாள்தோறும் மருந்து உண்போர் நெடுநாள் வாழலாம். தாயிடமிருந்து குழந்தைக்குப் பரவுவதையும் பெரிதும் தடுக்கலாம்.

ஊராட்சி உறுப்பினர் எவரையும் பரிசோதனைக்குக் கட்டாயப்படுத்தலாகாது. ஒருவரது இசைவின்றிப் பரிசோதிப்பதையும், முடிவை வெளியிடுவதையும் 2017ஆம் ஆண்டின் எச்.ஐ.வி. சட்டம் தடுக்கிறது. அரசு மருத்துவமனை நம்பிக்கை மையங்களில் எச்.ஐ.வி. பரிசோதனை இலவசம் என்பதையும், 1097 என்ற எண்ணில் ஆலோசனை பெறலாம் என்பதையும் கிராம சபையில் அறிவித்தலே நமது கடமை. மந்தணம் காக்கப்படும் என்ற உறுதி ஏற்பட்ட ஊரில் மக்கள் தாமாகவே முன்வருவர்.