ஒரு நாள் வாழ்வுக்கு ஓராண்டுக் காத்திருப்பு

மழை ஓய்ந்த மாலையில் விளக்கைச் சுற்றும் ஈசலைப் பார்த்து, "ஒரு பொழுது வாழ்வு" என்று நம்மவர்கள் சொல்வதுண்டு. ஆனால் ஈசல் புற்றிலிருந்து வருவது. பறவைக்கும் பல்லிக்கும் தப்பிய ஜோடி, சிறகை உதிர்த்துவிட்டுப் புதுப் புற்று வைத்து ஆண்டுக்கணக்கில் வாழும். உண்மையிலேயே ஒரு பொழுது வாழும் பூச்சி வேறு. அது தண்ணீரில் பிறப்பது. ஆங்கிலத்தில் 'மேஃப்ளை' என்பார்கள்.

சிறகுகளை முதுகின் மேல் நிமிர்த்தி உட்காரும். பின்னால் மயிரிழை போல இரண்டு மூன்று வால்கள் நீண்டிருக்கும். சிறகு முளைத்தபின் அது எதையும் உண்பதில்லை. உண்ண வாயும் உதவாது. இணை சேர்ந்து, தண்ணீரில் முட்டையிட்டு, சில மணி நேரத்திலோ ஒன்றிரண்டு நாளிலோ மடிந்துவிடும்.

அந்த ஒரு பொழுதுக்கு முன்னால் பல மாதம், சில வகைகள் ஓராண்டுக்கு மேலும், தண்ணீருக்கடியில் வளர்கின்றன. பாசியும் மட்கிய இலையும்தான் ஆகாரம். தண்ணீரில் கரைந்த பிராணவாயுவைச் செவுள்களால் சுவாசிக்கின்றன. சாக்கடை கலந்தால் பிராணவாயு குறையும். பெரும்பாலான வகைகள் பிழைக்காது. அதனால்தான் தண்ணீரின் தரமறிய விஞ்ஞானிகள் இவற்றைத் தேடுகிறார்கள்.

பிராணவாயு குறைந்தால் நடப்பதை அல்சூர்வாசிகள் 2016 மார்ச்சில் நேரில் கண்டார்கள். ஏரியில் ஆயிரக்கணக்கான மீன்கள் செத்து மிதந்தன. பெல்லந்தூர் ஏரியிலோ 2017 பிப்ரவரியிலும் 2018 ஜனவரியிலும் தீயே பிடித்தது. 1974 முதல் சுமார் 100 கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து காவிரி நீர் வரும் நகரம் இது. பக்கத்து ஏரி கெட்டால் உடனே யாருக்கும் நா வறள்வதில்லை.

கெட்ட ஏரி திருந்துமா? அமெரிக்க-கனடா எல்லையிலுள்ள ஈரி ஏரியின் மேற்குப் பகுதியில், 1953-ல் இந்தப் பூச்சிகள் கூண்டோடு மடிந்தன. 1972-ல் இரு நாடுகளும் ஒப்பந்தம் செய்து கழிவைக் கட்டுப்படுத்தின. 1990-களில் பூச்சிகள் திரும்பி வந்தன. இன்று அங்கே அவை கூட்டமாக எழும்போது வானிலை ரேடாரிலேயே தெரிகிறது.

வேலை முடிந்து ஏரிக்கரை வழியே வீடு திரும்புகிறவர்கள் விளக்கடியில் ஒரு நிமிடம் நின்று பார்க்கலாம். உதிர்ந்த சிறகு கிடந்தால் ஈசல். வால் நீண்ட பூச்சி உட்கார்ந்திருந்தால், பக்கத்துத் தண்ணீரில் இன்னும் உயிர் இருக்கிறது என்று பொருள்.