கண்டி மாநகரின் அரணும் அரசின் பொருளும்

நீர், வெளிநிலம், மலை, காடு என்னும் நான்கினையும் அரணுக்குரியனவாக வகுத்தார் திருவள்ளுவர். கண்டி மாநகரை நோக்குவார்க்கு இவற்றுட் பெரும்பாலன இயற்கையாகவே அங்கு அமைந்திருத்தல் புலனாகும். மகாவலி கங்கை வளைந்தோடவும், குன்றுகள் சூழ்ந்து நிற்கவும், அடர்ந்த காடு வழிகளை மறைக்கவும் அமைந்த இத்தலைநகரைப் போர்த்துக்கேயராலோ ஒல்லாந்தராலோ நிலையாகக் கைக்கொள்ள இயலவில்லை. 1815 ஆம் ஆண்டிலேயே அது ஆங்கிலேயர் வசமாயிற்று.

இக்காலத்திற் பகைவன் படை திரட்டி மலையேறி வருவதில்லை. பிறரொடு பிறராய், பொதுச்சாலை வழியே வருகின்றான். 1998 ஜனவரி 25 ஆம் நாள், ஞாயிறு அதிகாலை, தமிழீழ விடுதலைப் புலிகள் வெடிமருந்து நிறைந்த லொறி ஒன்றைத் தலதா மாளிகையின் முன் வெடிக்கச் செய்தனர். பத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர். மாளிகையின் முகப்பும் கூரையும் சிதைந்தன. சில நாட்களிற் கண்டியில் நிகழவிருந்த சுதந்திரப் பொன்விழாக் கொண்டாட்டம் கொழும்புப் பகுதிக்கு மாற்றப்பட்டது. (சிதைந்த சுவர்ப்பூச்சின் கீழிருந்து பழைய ஓவியங்கள் வெளிப்பட்டமை அவலத்தினிடையே நேர்ந்த வியப்பாகும்.)

அதன்பின் மாளிகை முன்னுள்ள வீதி வாகனங்களுக்கு மூடப்பட்டது. தடைகளும் சோதனைகளும் பெருகின. புனிதத் தலமொன்றைக் காத்தற்கு இவை வேண்டியனவே. எனினும் அங்கு செலவான பொருள் பெரிதும் ஓரிடத்தைக் காக்கும் பொருளேயன்றி, நகரைக் காக்கும் பொருளன்று. மூடிய வீதியின் போக்குவரத்து ஏரிக்கரையைச் சுற்றலாயிற்று. மேற்கே பேராதனை, வடக்கே கட்டுகஸ்தோட்டை, கிழக்கே தென்னக்கும்புர ஆகிய பெருவழிகள் மூன்றும் மகாவலிப் பாலங்களைக் கடப்பன. முன்னாளிற் பகைவரைத் தடுத்த அதே ஆறும் மலையும் இன்று அம்புலன்ஸ் வண்டியைத் தடுக்கின்றன.

இத்தகைய நகர்களுக்கு அரசு பொருளுதவி செய்யுமிடத்து, அதனை யாருக்கு, எதன்பொருட்டு அளிப்பது என்பதே வினாவாகும். அமெரிக்க ஐக்கிய நாடு 2001 செப்டெம்பர்த் தாக்குதலின் பின்னர், 2003 இல், பெருநகர்ப் பகுதிகளுக்கெனத் தனி மானியமொன்றை வகுத்தது. ஒரு மாநகர சபைக்கென்று கொடாமல், அதனைச் சூழ்ந்த ஊராட்சிகளையும் ஒன்றுகூட்டித் திட்டமிடுமாறு பணித்தமை அதன் சிறப்பு. பங்கீட்டிற் பூசலும் எழாமலில்லை. 2006 இல் நியூயோர்க், வாஷிங்டன் நகர்களின் பங்கு ஏறத்தாழ நூற்றுக்கு நாற்பது குறைக்கப்பட்டபோது பெருங்கண்டனம் எழுந்தது. ஆயினும் பொஸ்டன் நகரம் அம்மானியத்தின் ஒரு பகுதியைக் கொண்டு 2011 இலும் 2012 இலும் காவலர், தீயணைப்போர், மருத்துவர் யாவரும் கூடிய பெரும் ஒத்திகைகளை நடத்தியது. 2013 ஏப்பிரல் 15 இல் அங்கு மரதன் ஓட்டத்தின்போது குண்டுகள் வெடித்தன. மூவர் மாண்டனர், இருநூற்றுக்கு மேற்பட்டோர் காயமுற்றனர். உயிரோடு வைத்தியசாலை சேர்ந்த ஒருவரேனும் இறந்திலர். அரண் எவ்வளவு மாண்புடையதாயினும் செயல் மாண்பில்லார்க்கு அது பயன்படாது என்று வள்ளுவர் அவ்வதிகாரத்தை முடித்தமை ஈண்டு நினைக்கத்தக்கது.

இலங்கையிற் சட்டமில்லாக் குறை இல்லை. சுனாமியின் பின் இயற்றப்பட்ட 2005 ஆம் ஆண்டின் 13 ஆம் இலக்க அனர்த்த முகாமைத்துவச் சட்டம், மண்சரிவு, வெள்ளம் முதலியவற்றோடு வெடிப்பினையும் உள்நாட்டுக் கலவரத்தையும் அனர்த்தங்களாகவே கொள்கின்றது. இடர்ப்பாடு யாதெனில், பொறுப்பும் பொருளும் பல கைகளிற் பிரிந்து கிடத்தலே. பொலிஸார் மத்திய அரசின் கீழுள்ளனர். கண்டித் தேசிய வைத்தியசாலையும் அவ்வரசினதே. சிறு வைத்தியசாலைகள் மாகாணத்தினுடையன. தீயணைப்புப் பிரிவோ மாநகர சபையினது. குண்டசாலை, ஹாரிஸ்பத்துவ, கங்கவட்ட கோறளை ஆகிய அயற்பிரதேச சபைகள் தத்தம் வருமானத்தினால் இத்தகையதொரு பிரிவைப் பேணுதல் அரிது. இவற்றுள் எதற்குத் தனியே மானியம் வழங்கினும் அது மற்றையவற்றின் வாயிலை எட்டாது.

பிரிந்து நிற்றலின் தீங்கினை 2019 ஏப்பிரல் 21 ஆம் நாள் நாடு கண்டது. உயிர்த்த ஞாயிறன்று கொழும்பு, நீர்கொழும்பு, மட்டக்களப்பு ஆகிய இடங்களில் இருநூற்றைம்பதுக்கு மேற்பட்டோர் கொல்லப்பட்டனர். முன்னெச்சரிக்கை கிடைத்திருந்தது, உரியவாறு நடவடிக்கை எடுக்கப்படவில்லை. 2023 ஜனவரியில் உயர் நீதிமன்றம் முன்னாள் ஜனாதிபதியையும் அதிகாரிகளையும் நட்டஈடு செலுத்துமாறு பணித்தமைக்குக் காரணம் இக்கவனக்குறைவேயாம். ஆங்கு குறைந்தது பொருளன்று.

பயங்கரவாதத்திற்கென்றே ஒதுக்கும் பொருள் அதற்கு மட்டுமே பயன்படல் வேண்டும் என்று கருதுவோரும் உளர். கண்டியில் அது பொருந்தாது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலின்போது இம்மாவட்டத்தில் மலைகள் சரிந்து பல உயிர்கள் மாண்டன, பாதைகள் துண்டிக்கப்பட்டன. இடிபாட்டினுள் அகப்பட்டோரை மீட்கும் கருவி, வெடித்தது குண்டா சரிந்தது மலையா என்று வினவுவதில்லை. செய்தித் தொடர்பும், இரத்த வங்கியும், மாற்றுப் பாதைத் திட்டமும் அத்தன்மையனவே.

புதிதாகத் தொடங்க வேண்டுவதும் மிகையில்லை. எசல பெரஹராவின்போது இலட்சக்கணக்கானோர் திரளும் இந்நகரில் பொலிஸாரும் மாநகர சபையினரும் வைத்தியரும் ஆண்டுதோறும் கூடித் திட்டமிடுகின்றனர். அக்கூட்டத்தில் அயற்பிரதேச சபைகளுக்கும் இடமளித்து, பெரஹராவுக்கு முன் ஒரு நாளை முழு ஒத்திகைக்கு ஒதுக்கி, அதன் செலவை மாவட்டச் செயலகத்தின் வாயிலாக ஒரே தலைப்பின்கீழ் அரசு ஏற்குமாயின், தடுப்புச்சுவர்களுக்கு ஆகும் செலவோடு ஒப்பிட அது சிறிதேயாம்.