போராட்டப் பாட்டுக்கே ஒரு போராட்டம்!

போராட்டப் பாட்டு எழுதுகிறவர்களுக்கு ஒரு வசதி உண்டு. திட்டு வாங்குகிறவர் மந்திரி, முதலாளி, தளபதி என்று யாராவது பெரிய ஆளாக இருப்பார். யாருக்காகப் பாடுகிறோமோ, அந்த ஏழை ஜனங்கள் எழுந்து வந்து, ''எங்களைப் பத்திப் பாட நீ யாரும்மா?'' என்று கேட்பதில்லை.

கேட்டுவிட்டால்? 2016-ல் பி.ஜே.ஹார்விக்கு அதுதான் நடந்தது!

அம்மணி இங்கிலாந்தில் டார்செட் பக்கத்துக் கிராமத்துக்காரர். 'ஆல்டர்னேட்டிவ் ராக்' என்கிற, பளபளப்புக் குறைந்த, கொஞ்சம் முரட்டு கிட்டார் ரகத்தில் 1990-களிலிருந்தே பெரிய பெயர். 2011-ல் 'லெட் இங்கிலாண்ட் ஷேக்' என்று போரைப் பற்றி ஓர் ஆல்பம் போட்டார். முதல் உலகப் போரில், கல்லிப்போலியில் மடிந்த சிப்பாய்களைப் பற்றியெல்லாம் அதில் பாட்டு. பிரிட்டனில் பெரிதாக மதிக்கப்படும் மெர்குரி பரிசு கிடைத்தது. அந்தப் பரிசை இரண்டு தடவை வாங்கிய முதல் ஆள் அவர்தான்.

செத்துப்போன சிப்பாய்கள் யாரும் ஆட்சேபணை தெரிவிக்கவில்லை.

அடுத்த ஆல்பத்துக்கு உயிரோடு இருப்பவர்களைத் தேடிப் போனார். அங்கேதான் ஆரம்பித்தது வம்பு.

ஷேமஸ் மர்ஃபி என்கிற போட்டோகிராபரோடு கொசோவோ, ஆப்கானிஸ்தான், அமெரிக்கத் தலைநகர் வாஷிங்டன் என்று மூன்று இடங்களுக்குப் பயணம். பார்த்ததையெல்லாம் நோட்டில் குறித்துக்கொண்டார். பிறகு 2015 ஆரம்பத்தில் லண்டன் சாமர்செட் ஹவுஸில் ஒரு கண்ணாடி அறை கட்டி, அதற்குள் உட்கார்ந்து ரெக்கார்டிங். டிக்கெட் வாங்கிய ஜனங்கள் வெளியே நின்று பார்க்கலாம். உள்ளே இருப்பவர்களுக்கு வெளியே ஒன்றும் தெரியாது. அந்த இடம் ஒரு காலத்தில் வரி இலாகா ஊழியர்களின் உடற்பயிற்சிக் கூடமாம். துப்பாக்கி சுட்டுப் பழகும் இடமும் அங்கே இருந்ததாம்! பி.காம். படித்தவன் என்பதால் எனக்கு லேசாக வியர்த்தது.

ஆல்பத்தின் பெயர், 'தி ஹோப் சிக்ஸ் டெமாலிஷன் ப்ராஜெக்ட்'. ஹோப் சிக்ஸ் என்பது 1992-ல் தொடங்கிய அமெரிக்க அரசுத் திட்டம். ஏழைகள் இருந்த பழைய அரசுக் குடியிருப்புகளை இடித்துவிட்டு, பல வருமானக்காரர்களும் கலந்து வசிக்கும்படி புது வீடுகள் கட்டுவது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால், இடிக்கப்பட்ட வீட்டில் இருந்தவர்கள் எல்லாருக்கும் புது வீட்டில் இடம் கிடைக்கவில்லை. ஹார்விக்குக் கோபம் வந்ததில் தப்பே இல்லை.

வாஷிங்டனில் அனகோஸ்டியா ஆற்றுக்குக் கிழக்கே கறுப்பின மக்கள் அதிகம் வாழும் ஏழைப் பகுதிகள். 'வாஷிங்டன் போஸ்ட்' நிருபர் ஒருவர் அவரைக் காரில் உட்கார வைத்து அந்தத் தெருக்களைச் சுற்றிக் காட்டினார். அந்த சவாரிதான் 'தி கம்யூனிட்டி ஆஃப் ஹோப்' என்கிற பாட்டு. மெட்டு என்னவோ ஜாலியாக, தாளம் போட வைக்கிற மாதிரிதான் இருக்கும். முதல் தடவை கேட்டபோது நானும் மேஜையில் தாளம் போட்டேன். ஆனால் விஷயம் முழுக்க போதை, பாழடைந்த கட்டடங்கள். அங்கே ஒரு பள்ளிக்கூடத்துக்கு அவர் சொல்லியிருக்கும் உவமையை இந்தப் பத்திரிகையில் அச்சடிக்க முடியாது!

மார்ச் 2016-ல் பாட்டு வெளியானதுமே உள்ளூரில் கொதித்துவிட்டார்கள். முன்னாள் மேயர் வின்சென்ட் கிரே, 'இதுக்கெல்லாம் பதில் சொல்லி மரியாதை தரமாட்டேன்' என்கிற தோரணையில் ஒதுக்கித் தள்ளினார். பாட்டின் பெயரையே கொண்ட ஒரு தொண்டு நிறுவனம் அங்கே பல வருஷங்களாக, வீடில்லாத குடும்பங்களுக்கு உதவி வருகிறது. அவர்களும் வருத்தப்பட்டார்கள்.

எனக்கு உறைத்தது இன்னொரு சங்கதி. பாட்டு முடியும்போது, இங்கே ஒரு வால்மார்ட் கடை வரப்போகிறது என்ற அர்த்தத்தில் ஒரு வரி திரும்பத் திரும்ப வரும். எனக்கு அது கிண்டலாகத்தான் பட்டது. 'வீட்டை இடிச்சாச்சு, இந்தா சூப்பர் மார்க்கெட்!'

ஆனால், அங்கே குடியிருப்பவருக்கு வால்மார்ட் ஏகாதிபத்தியச் சின்னமெல்லாம் இல்லை. காய்கறி வாங்குகிற இடம். அந்தப் பகுதியில் உருப்படியான மளிகைக் கடைகளே விரல்விட்டு எண்ணக்கூடியவைதான். 2013-ல், பெரிய கடைகள் மணிக்கு 12.50 டாலராவது சம்பளம் தரவேண்டும் என்று நகர கவுன்சில் சட்டம் போட்டது. 'அப்படியானால் நாங்கள் வரமாட்டோம்' என்று வால்மார்ட் மிரட்ட, மேயராக இருந்த அதே கிரே அந்தச் சட்டத்தைத் தன் அதிகாரத்தால் ரத்து செய்தார். கடை வரட்டும் என்றுதான்! ஜனவரி 2016-ல் வால்மார்ட் என்ன செய்தது தெரியுமா? ஆற்றுக்குக் கிழக்கே கட்டுவதாக இருந்த இரண்டு கடைகளையும் கைவிட்டது.

சட்டமும் போச்சு, கடையும் போச்சு. இரண்டே மாதத்தில் பாட்டு வருகிறது. கோபம் வருமா, வராதா?

ஆக, அம்மணி பாடியது பொய்யா? இல்லை. அவர் சொன்ன வறுமை அங்கே நிஜமாகவே இருந்தது. ஆனால் கார் ஜன்னல் வழியே பார்த்தால் இடிந்த சுவர் தெரியும். அந்தச் சுவருக்குள் யார், எதற்காக, எத்தனை வருஷமாகக் காத்திருக்கிறார்கள் என்பது தெரியாது. அதற்கு இறங்கி, நாலு வீட்டுக் கதவைத் தட்ட வேண்டும். லண்டனில் கட்டினாரே கண்ணாடி அறை... அதிலும் ஒரு பக்கம்தான் பார்வை!

ஒன்றை மறக்காமல் சொல்லவேண்டும். அந்தப் பாட்டின் வீடியோவில் வால்மார்ட் வரியை வாஷிங்டன் சர்ச் ஒன்றின் பாடகர் குழுவே பாடுகிறது. அவர்கள் பாடும்போது கிண்டல் துளியும் இல்லை. பிரார்த்தனை மாதிரியே இருக்கிறது. எனக்கு அந்த ஆல்பத்தில் மனசைப் பிசைந்த இடம் அதுதான்.

ஏப்ரல் 2016-ல் ஆல்பம் வெளிவந்து பிரிட்டனில் நம்பர் ஒன் ஆனது. ஹார்விக்கு அது முதல் தடவை.

வாஷிங்டனில் அந்த இரண்டு வால்மார்ட்டும் வரவேயில்லை. பாட்டில் மட்டும் இன்னும் வரப்போகிறது... வரப்போகிறது... வரப்போகிறது!