அப்டேட் போட்டதும் ஆப் ‘ஸ்லோ’ ஆவது ஏன்? வேகத்தை அளப்பதில் என்ன சிக்கல்?

வாரம் தவறாமல் அப்டேட் கேட்கும் ஆப் ஒன்று எல்லோர் போனிலும் இருக்கும். அப்டேட் முடிந்ததும் திறந்தால் வெள்ளைத் திரையோடு கொஞ்ச நேரம் அப்படியே நிற்கும். ‘நேத்து வரைக்கும் நல்லாத்தானே இருந்துச்சு?’ என்று தோன்றும். ஓரிரு நாள் கழித்துப் பார்த்தால், யாரும் எதையும் தொடாமலேயே பழைய வேகம் திரும்பியிருக்கும்.

இது பிரமை இல்லை. இடைப்பட்ட நேரத்தில் போனுக்குள் ஒரு வேலை நடந்திருக்கிறது. ஆப்பின் வேகத்தை அளப்பவர்களுக்குப் பெரிய தலைவலியும் அதே வேலைதான்.

மேடையில் ஒரு மொழிபெயர்ப்பாளர்

ஆண்ட்ராய்டு ஆப்களைப் பெரும்பாலும் கோட்லின் அல்லது ஜாவாவில் எழுதுகிறார்கள். பிளே ஸ்டோரிலிருந்து நம் போனுக்கு வருவது அதன் இடைநிலை வடிவம். அது பிராசஸருக்கு நேரடியாகப் புரியாது. யாராவது மொழிபெயர்க்க வேண்டும்.

தேர்தல் மேடையில் வட இந்தியத் தலைவர் இந்தியில் பேச, பக்கத்தில் நிற்பவர் வரிக்கு வரி தமிழில் சொல்வார் இல்லையா? அதுபோல ஒரு முறை உண்டு. கூட்டம் முடிய நேரமாகும். அதே பேச்சை முன்கூட்டியே தமிழில் அச்சடித்துக் கையில் கொடுத்துவிட்டால் காத்திருக்கத் தேவையில்லை. இந்த அச்சடிக்கும் வேலைக்குத்தான் கம்பைல் என்று பெயர்.

2008-ல் வந்த முதல் ஆண்ட்ராய்டு போனில் வரிக்கு வரி மொழிபெயர்ப்புதான். 2010-ல் ஆண்ட்ராய்டு 2.2 வந்தபோது, அடிக்கடி ஓடும் பகுதிகளை மட்டும் ஓட்டத்தின் நடுவிலேயே கம்பைல் செய்யும் ஜேஐடி முறை சேர்ந்தது. 2014-ல் ஆண்ட்ராய்டு 5.0 நேர் எதிர்த் திசைக்குப் போனது. இன்ஸ்டால் ஆகும்போதே ஆப் மொத்தத்தையும் கம்பைல் செய்துவிடும். ஓட்டம் சுறுசுறுப்பானது உண்மை. ஆனால் இன்ஸ்டால் இழுத்தது, ஸ்டோரேஜும் காலியானது. சிஸ்டம் அப்டேட் போட்டால் ‘இத்தனை ஆப்களில் இத்தனையாவது’ என்று எண்ணிக்கை ஓட, போனை வெறித்துப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தது பலருக்கு நினைவிருக்கும்.

2016-ல் ஆண்ட்ராய்டு 7.0 நடுவழியைப் பிடித்தது. முதலில் ஆப்பை அப்படியே ஓடவிடும். நீங்கள் அதிகம் பயன்படுத்தும் பகுதிகள் எவை என்று குறித்துக்கொள்ளும். ராத்திரி போன் சார்ஜில் சும்மா கிடக்கும்போது அவற்றை மட்டும் கம்பைல் செய்துவைக்கும். இன்றும் அடிப்படை இதுதான். ஆப் அப்டேட் ஆனால் பழைய அச்சுப்பிரதி செல்லாது. மறுபடியும் முதலிலிருந்து.

ஐபோனில் இந்தச் சிக்கல் கிடையாது. ஸ்விஃப்டில் எழுதிய ஆப் கம்பைல் ஆன பிறகுதான் ஸ்டோருக்கே போகிறது.

எந்த எண் உண்மை?

ஆக, ஆண்ட்ராய்டில் ஒரே போன், ஒரே ஆப்புக்கு மூன்று வேகங்கள் கிடைக்கலாம்: கம்பைலே ஆகாதபோது ஒன்று, தேவையான பகுதிகள் மட்டும் ஆனபோது ஒன்று, முழுவதும் ஆனபோது ஒன்று. கூகுள் தரும் மேக்ரோபெஞ்ச்மார்க் கருவியில், எந்த நிலையில் சோதனை நடக்க வேண்டும் என்று டெவலப்பர் தேர்ந்தெடுக்கலாம். மூன்று எண்களும் பொய் இல்லை. ஆனால் ‘40 சதவீதம் வேகம் கூடியிருக்கிறது’ என்று சொல்பவர், எந்த நிலையோடு எந்த நிலையை ஒப்பிட்டார் என்று சொல்லாவிட்டால் அந்த எண்ணை வைத்து எதுவும் செய்ய முடியாது. இன்றைக்கு இன்ஸ்டால் செய்தவர் முதல் வகை வேகத்தைச் சந்திக்க நேரலாம்.

வேறு பொறிகளும் உண்டு. பிழை தேடுவதற்காக உருவாக்கும் டீபக் பதிப்பில் அளந்தால் கணக்கே தப்பு. ஃப்ளட்டரில் டீபக் பதிப்பு ஓடும்போதே கம்பைல் ஆகும். வெளியீட்டுப் பதிப்பு முன்கூட்டியே கம்பைல் ஆகிவிடும். இரண்டையும் ஒப்பிடவே முடியாது.

இதைவிட வேடிக்கையானது கம்பைலரின் புத்திசாலித்தனம். ஒன்று முதல் பத்து லட்சம் வரை கூட்டச் சொல்லி நேரம் பார்க்கிறீர்கள். கூட்டிய விடையை எங்கும் பயன்படுத்தவில்லை. ‘யாருக்கும் வேண்டாத விடைக்கு எதற்கு வேலை?’ என்று கம்பைலர் அந்த வரிகளையே நீக்கிவிடக்கூடும். நேரம் கிட்டத்தட்ட பூஜ்யம் என்று வரும். அதைப் பார்த்துத் துள்ளிக் குதித்தால் போச்சு.

அப்புறம் சூடு. போன் சூடானால் பிராசஸர் தானாக வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அதனால் பத்தாவது முறை வரும் எண் முதல் எண்ணைப்போல இருக்காது. பலமுறை ஓட்டி, சராசரியை விட நடு மதிப்பைப் பார்ப்பது இதனால்தான். ஒரே ஒரு தடவை இழுத்துக்கொண்டாலும் சராசரி கெட்டுவிடும்.

போனே ஏமாற்றினால்?

2022-ல் சாம்சங் கேலக்ஸி எஸ்22 வந்த சமயத்தில் ஒரு விவகாரம் வெடித்தது. அதிலிருந்த கேம் மேலாண்மை சேவை பல ஆப்களின் வேகத்தைக் குறைத்தது. வேகத்தை அளக்கும் ஆப்களை மட்டும் விட்டுவைத்தது. அளக்கும் ஆப்புக்குப் பிரபல கேம் ஒன்றின் அடையாளத்தைக் கொடுத்து ஓட்டியபோது மதிப்பெண் சரிந்தது. எஸ்10 முதல் எஸ்22 வரையிலான வரிசைகளை கீக்பெஞ்ச் தன் பட்டியலிலிருந்து நீக்கியது. சேவையை அணைத்துவைக்கும் வசதியை சாம்சங் பிறகு அப்டேட்டில் கொடுத்தது.

புது ஆப்புக்கு என்ன வழி?

எந்தப் பகுதிகள் முக்கியம் என்ற பட்டியலை டெவலப்பரே ஆப்போடு சேர்த்து அனுப்பலாம். பேஸ்லைன் புரொஃபைல் எனப்படும் இந்த முறையை 2022-ல் கூகுள் முன்னிறுத்தியது. முதல் தடவை திறக்கும்போதே கோட் சுமார் 30 சதவீதம் வேகமாக ஓடும் என்பது கூகுளின் கணக்கு. வாரா வாரம் அப்டேட் விடும் ஆப்களுக்கு இது ரொம்பவே முக்கியம். இல்லாவிட்டால் பயனரின் போன் முக்கியமான பகுதிகளைக் கம்பைல் செய்து முடிப்பதற்குள் அடுத்த அப்டேட் வந்து நிற்கும்.

விலை உயர்ந்த போனில் இந்த வித்தியாசம் கண்ணுக்கே தெரியாமல் போகலாம். பிராசஸர் பலவீனமான பட்ஜெட் போனில்தான் அது நொடிக்கணக்கில் தெரியும். முழுதாக மூடியிருந்த ஆப் திறக்க 5 நொடியோ அதற்கு மேலோ எடுத்துக்கொண்டால் அது அளவுக்கு மீறிய தாமதம் என்கிறது கூகுள். உங்கள் போனில் அந்த 5 நொடியைத் தாண்டுகிற ஆப், அதை எழுதியவரின் மேசையில் இருக்கும் புது மாடலில் ஒரே நொடியில் திறந்திருக்கக்கூடும்.